நீல ஒயரில் குரல் வராது

“அப்ப அந்தக் குரல் டி.வி.லேர்ந்துதான் வந்துச்சுன்னு உங்க அம்மாவே நம்புறாங்களா?”

“அம்மா மட்டும் இல்லைங்க. சர்ச் சாமியார் நம்புறார். தெருவே நம்புது. நம்பாதவ நான் ஒருத்திதான். அதனாலதான் நாளைக்குக் காலையில என்னை மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறாங்க.”

“யாரு சேர்க்கிறது?”

“என் வீட்டுக்காரரோட அண்ணன். எங்க அம்மா கையெழுத்துப் போடப்போறாங்க.”

கேள்வி கேட்டவர் அழகிரி. ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கிடங்குகளைச் சுற்றிப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைக்கப்பட்டதா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில், பூக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். கீழே தொடுக்கிற மல்லிகையின் வாசனை மதியம் முழுக்கப் படியேறி வந்து, கேட்க ஆளில்லாத கதையைப் போல அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

பதில் சொன்னவள் பிரான்சி. திருவெறும்பூரில் வீடு, கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். ஆனால் பேச்சில் அழுகை இல்லை. அழுதால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் அவள் முதுகை நேராக உட்கார வைத்திருந்தது.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த பெண் ஆபிதா. நிலையத்தின் ஒரே உதவியாளர்.

“மேடம், முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க” என்றாள் ஆபிதா. “எங்க சாருக்கு எதையும் ரெண்டாவது தடவை கேட்டாத்தான் புரியும்.”

அழகிரி அதைக் கண்டுகொள்ளவில்லை. பிரான்சி சொன்னாள்.

அவள் கணவன் டோனி, துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன இரும்புப் பட்டறையில் சூப்பர்வைசர். போன மாதம் அங்கே பாரம் தூக்குகிற சங்கிலி அறுந்து, கீழே நின்ற பிச்சமுத்து என்ற வையம்பட்டி ஆள் நசுங்கி இறந்துபோனான். போலீஸ் டோனியைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. அவன் இல்லை. மறுநாள் கொள்ளிடம் பாலத்தில் அவனுடைய பைக் நின்றது. பக்கத்தில் செருப்பு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. உடல் கிடைக்கவில்லை.

“போன வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் ஜெபம். காட்டூர்ல அவரோட அண்ணன், ரெஜிஸ் அத்தான் வீட்டுல. சாயங்காலம் ஜெபமாலை சொன்னோம். முதல் பாதியை ஒருத்தர் சொல்லணும், மறுபாதியை எல்லாரும் சேர்ந்து சொல்லணும். முதல் பாதி சொன்னது நான்தான். எல்லாரும் பதில் சொல்றப்ப, மாடியிலேர்ந்து இன்னொரு குரலும் சேர்ந்துச்சு.”

“அத்தனை பேர் குரல்ல அது மட்டும் எப்படிங்க தனியாத் தெரிஞ்சுது?” என்றாள் ஆபிதா.

“அவர் எப்பவும் எல்லாரையும் விட கொஞ்சம் முந்தி முடிச்சிடுவார். ஆமென் முதல்ல அவர்தான் சொல்வார். பஸ்ஸைப் பிடிக்கப் போறவர் மாதிரி. கல்யாணமானதுலேர்ந்து அதுக்கு நான் அவரைத் திட்டிட்டு வரேன். எனக்குத் தெரியாதா?”

அவள் படியை நோக்கி ஓடியிருக்கிறாள். ரெஜிஸ் குறுக்கே நின்று தடுத்துவிட்டார். பெண்கள் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து ரெஜிஸே எல்லோரையும் மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே டி.வி.யில், திரை நிறைய, முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தான் டோனி.

“மாமியார் இறந்த முதல் வருஷ ஜெபத்துல எடுத்த வீடியோங்க அது. பழைய கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சாம். அதோட மானிட்டர் கெட்டுப்போனதால டி.வி.யில மாட்டி மத்தியானம் பார்த்தேன், நிறுத்த மறந்துட்டேன்னார் அத்தான். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்றது.”

அழகிரி நாற்காலியில் சாய்ந்தார். “சரியாத்தான் இருக்கு. ஜெபமாலையில ஒரே ஜெபம் திரும்பத் திரும்ப வரும். வீடியோ எந்த இடத்துல ஓடினாலும் உங்களுக்குப் பதில் சொல்ற மாதிரிதான் கேட்கும்.”

“நீங்களும் அவங்க பக்கமாங்க?”

“நான் யார் பக்கமும் இல்லம்மா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க மாடிக்குப் போனப்ப டி.வி.யில சத்தம் இருந்துச்சா?”

பிரான்சி நினைவைத் திரும்பவும் படியேற்றிப் பார்த்தாள்.

“இல்லை” என்றாள் மெதுவாக. “முகம்தான் இருந்துச்சு. அத்தான் சம்சாரம் பெலிண்டா அக்கா சிலுவை போட்டாங்க. எல்லாரும் அழுதாங்க. செத்தவரோட சத்தத்தைக் கூட்டி வைங்கன்னு யாருங்க கேட்பா?”

ஆபிதாவின் கையிலிருந்த கடலை அப்படியே நின்றது. “மேடம், கம்ப்யூட்டருக்கும் டி.வி.க்கும் நடுவுல என்ன ஒயர் இருந்துச்சு? பார்த்தீங்களா?”

“தடியா ஒண்ணு. தலை நீலமா இருக்கும். ரெண்டு பக்கமும் திருகு. எங்க லேப்ல இருந்த பழைய கம்ப்யூட்டர்லயும் அதேதான்.”

“வேற ஒயர்?”

“கவனிக்கலையே.”

ஆபிதா கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே தட்டினாள். அவள் அத்தா பாலக்கரையில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவர். தவழ்ந்த வயதில் அவளுக்குக் கிடைத்த பொம்மைகள் எல்லாம் ஒயர்கள்தான்.

“சார், அந்த நீலத் தலை ஒயர் ஊமை. படத்தை மட்டும் தூக்கிட்டுப் போகும். சத்தத்துக்கு இன்னொரு ஒயர் தனியாப் போடணும். இப்ப வர்ற புது ஒயர்ல ரெண்டும் சேர்ந்து வரும், பழசுல வராது.”

“அந்த இன்னொரு ஒயர் அங்க இருந்திருந்தா?”

“இருந்திருந்தா மேடம் கேட்டது டி.வி. இல்லாட்டி...” அவள் முடிக்கவில்லை.

பிரான்சியின் கை சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது. “இல்லாட்டி அவர் உயிரோட இருக்கார். அந்த மாடியில அவரை அடைச்சு வச்சிருக்காங்க.”

“இல்லாட்டி உங்களுக்குப் பைத்தியம் இல்லை” என்றார் அழகிரி. “இப்போதைக்கு அதை மட்டும் பார்ப்போம். போலீஸுக்குப் போகலையா?”

“போனேன். ஜெபம் நடந்த வீட்டுல குரல் கேட்டுச்சுன்னு சொன்னேன். தண்ணி குடிச்சிட்டுப் போங்கம்மான்னாங்க.”

அழகிரி எழுந்து சட்டையைச் சரிசெய்தார். “நீங்க முன்னாடி போங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரேன், அதுக்கு முன்னால அவர் குரலை ஒரு தடவை கேட்கணும், அந்த வீடியோவுல எனக்கு ஒரு காப்பி வேணும்னு கேளுங்க. காப்பி எடுக்கக் கம்ப்யூட்டர் கடை ஆள் வர்றாங்கன்னு சொல்லுங்க. ஒரு விதவை கேட்கிறதை அவரால மறுக்க முடியாது.”

விதவை என்ற சொல்லுக்கு அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் தலையாட்டினாள்.

ஆபிதாவின் ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறியபோது வெயில் தண்ணீரில் தகரம் போலக் கிடந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அழகிரி, வண்டி ஒவ்வொரு பஸ்ஸைத் தாண்டும்போதும் கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், அங்க நீங்க கடை ஓனர். நான் உங்ககிட்ட வேலை பார்க்கிறவ.”

“ஓனர்னா என்ன செய்யணும்?”

“ஒண்ணும் தெரியாம எல்லாத்துக்கும் தலையாட்டணும். நீங்க ஒத்திகையே பார்க்க வேணாம்.”

பால்பண்ணை சிக்னலில் வண்டி நின்றது. தஞ்சாவூர் ரோட்டின் தூசி எதிரே எழுந்து நின்றது.

“ஆபிதா, அங்க ரெண்டாவது ஒயரும் இருந்தா?”

“இருந்தா அந்தப் பொண்ணு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும். கூட்டிட்டுப் போய் விட்டது நாமன்னு ஆயிடும்.” அவள் கேலி திடீரென்று நின்றுபோயிருந்தது.

காட்டூரில் அந்த வீடு தெருக்கோடியில், பச்சைக் கேட்டுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தவர் ரெஜிஸ். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒவ்வொரு வார்த்தையையும் விடை சரிதானா என்று பார்த்துவிட்டு வெளியே விடுகிறவர். அவருக்குப் பின்னால் மனைவி பெலிண்டா, இன்னும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு பிரான்சி.

“வாங்க. ஆனா வீண் அலைச்சல்தான்” என்றார் ரெஜிஸ். “அந்தக் கம்ப்யூட்டர் நேத்தே போயிடுச்சு. நோ சிக்னல்னு வருது.”

“பழசு அப்படித்தான் சார்” என்றாள் ஆபிதா. “கொஞ்சம் முறுக்கிக்கும். பெரியவங்க மாதிரி. ரெண்டு வார்த்தை அன்பாப் பேசினா சரியாயிடும்.”

அழகிரி தலையாட்டினார்.

மாடியில் ஒரு சின்ன ஹால். சுவரில் டி.வி. கீழே ஸ்டூல் மேல் சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் பெட்டி, பழுப்பேறிய விசைப்பலகை. பக்கத்தில் திரைச்சீலை போட்ட ஒரு கதவு, மூடியிருந்தது.

“அது?” என்று கேட்டார் அழகிரி.

“சாமான் ரூம்.”

ஆபிதா டி.வி.யின் பின்னால் தலையை நுழைத்தாள். ஒரு நொடி கழித்து அவள் முதுகு இறுகியதை அழகிரி பார்த்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

நீலத் தலை ஒயருக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மெல்லிய கறுப்பு ஒயர். டி.வி.யின் சத்தத் துளையில் செருகப்பட்டு, சுவரோரமாக இறங்கிப் பெட்டியின் பின்பக்கம் போனது.

“சத்தத்துக்கும் ஒயர் போட்டிருக்கீங்களே சார்” என்றாள் ஆபிதா. குரல் சாதாரணமாக இருந்தது. காது மடல் சிவந்திருந்தது.

“பின்னே? போடாம எப்படிக் கேட்கும்?” ரெஜிஸ் முதல் தடவையாகச் சிரித்தார். “பிரான்சி, நீயும் பார்த்துக்கம்மா. நான் பொய் சொல்லலை.”

பிரான்சி அந்தக் கறுப்பு ஒயரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்த ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்தது. வழியெல்லாம் பிடித்து வந்த கயிறு கையிலேயே இற்றுப்போவதைப் பார்க்கிறவள் போல நின்றாள். சந்தேகம் இப்போது அவளுக்கே அவள் மேல் வந்துவிட்டிருந்தது.

“சரி, வந்த வேலையை முடிப்போம்” என்றார் அழகிரி.

ஆபிதா வேலையில் இறங்கினாள். நீலத் தலையின் இரண்டு திருகுகளும் கழற்றி விடப்பட்டிருந்தன. பிளக் பாதி வெளியே தொங்கியது. அதை அழுத்தித் திருகினாள். ரிமோட்டில் டி.வி. வேறு ஏதோ இணைப்புக்கு மாற்றப்பட்டிருந்தது. அதைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பினாள்.

“நேத்து தானாப் போன கம்ப்யூட்டர் சார் இது. தானாவே திருகைக் கழட்டிக்கிட்டு, தானாவே ரிமோட்டையும் அமுக்கியிருக்கு. நல்ல புத்திசாலி.”

பெட்டியின் பொத்தானை அழுத்தியதும் உள்ளே மின்விசிறி கரகரத்தது. திரை கறுப்பு. பிறகு, இந்த அளவுப் படத்தைக் காட்ட முடியாது என்று டி.வி. ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியது.

“அதான் சொன்னேனே” என்றார் ரெஜிஸ்.

“கம்ப்யூட்டர் பெரிய படமா அனுப்புது, இந்த டி.வி.க்கு அது கொள்ளலை. சின்னதாக்கி அனுப்பச் சொல்லலாம்.” அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டு, தொடங்கும்போதே ஒரு விசையைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். வந்த வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இந்தத் தடவை படம் வந்தது. பெரிய எழுத்துகளோடு, ஓரங்கள் வெட்டுப்பட்டு, பச்சை மலையும் நீல வானமும் டி.வி.யில் விரிந்தன.

ஆபிதா தலையைச் சாய்த்தாள். எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பது போல.

“என்ன?” என்றார் அழகிரி தாழ்ந்த குரலில்.

“வாசல் மணி அடிக்கலை சார். இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் திறந்ததும் ஒரு பாட்டு வாசிக்கும். ஊருக்கே தெரிஞ்ச பாட்டு.”

ரெஜிஸ் அவசரமாக, “வால்யூம் குறைச்சு வச்சிருக்கேன்” என்றார். “இவ மறுபடியும் கேட்டுப் பயந்துடக் கூடாதுன்னு.”

வீடியோ கிடைத்தது. ஆபிதா ஓடவிட்டாள். மாலை போட்ட ஒரு படத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் முழந்தாளிட்டிருந்தார்கள். முன்வரிசையில் டோனி, வெள்ளைச் சட்டையில். அவன் உதடுகள் அசைந்தன. மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே நின்றன. பிரான்சி தன்னையறியாமல் ஒரு அடி முன்னே வந்தாள்.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

ஆபிதா ரிமோட்டில் ஒலியைக் கூட்டினாள். திரையின் கீழே பச்சைக் கோடு நீண்டது. இன்னும் கூட்டினாள். கோடு கடைசிவரை போய் முட்டியது. டோனி வாயசைத்துக்கொண்டேயிருந்தான், கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீனைப் போல.

“ஒயர் கழண்டிருக்கும்” என்றார் ரெஜிஸ்.

“பார்க்கிறேன் சார்.”

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே ஆபிதா சுவரோரமாகக் குனிந்து போனாள். பெட்டிக்குப் பின்னால் ஒயர் மடிந்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே சொருகப்பட்டிருந்தது. அதன் நுனி எதிலும் சேரவில்லை. சும்மா தொங்கியது. அவள் செல்போன் விளக்கை அடித்துச் சத்தத்துக்கான துளையைத் தேடினாள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வட்டத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் மண் இருந்தது. உருட்டித் தேய்த்து வழவழப்பாக்கிய களிமண். கட்டைவிரல் அளவுக்கு, மூன்றையும் சேர்த்து மூடியிருந்தது.

“இதென்ன சார், பெட்டிக்கு வைத்தியமா?” என்றபடி அவள் விரலை நீட்டினாள்.

“அதைத் தொடாதீங்க.”

பெலிண்டா. அதுவரை படிக்கட்டில் பேசாமல் நின்றிருந்தவள் நடுவில் புகுந்து பெட்டிக்கு முன்னால் கையை விரித்தாள். பிறகு எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து கையை மெல்ல இறக்கினாள்.

“குளவிக் கூடு அது. உடைக்கக் கூடாது.”

“ஏம்மா?” என்றார் அழகிரி. அந்த வீட்டுக்கு வந்தபின் அவர் குரலில் இவ்வளவு கனிவு வந்தது அப்போதுதான்.

“குளவி கூடு கட்டின வீட்டுல குழந்தை வரும்பாங்க.” அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. சாமியார்கிட்ட சொன்னா மூடநம்பிக்கைம்பார். இருந்துட்டுப் போகட்டுமே.”

“அதானே. யாருக்கு என்ன கஷ்டம். எப்ப கட்டுச்சு?”

“ஸ்கூல் திறந்த வாரம். நான்தான் முதல்ல பார்த்தேன். தினமும் வந்து பார்ப்பேன். இவரைக்கூடக் கை வைக்க விட மாட்டேன். வெள்ளிக்கிழமை இவர் அவசரமா டி.வி.யில மாட்டினப்பகூட, கூட்டுல கை படாமப் பண்ணுங்கன்னு சொல்லித்தான்...”

“பெலிண்டா” என்றார் ரெஜிஸ்.

அவள் நிறுத்தினாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. ஹாலில் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

“மத்தியானம் ஆற அமர உட்கார்ந்து வீடியோ பார்த்தேன்னு சொன்னீங்களாமே சார்” என்றார் அழகிரி. “அதுல என்ன அவசரம்?”

ரெஜிஸின் கை சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டது.

ஆபிதா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். “ஸ்கூல் திறந்தது ஜூன்ல. டோனி சார் பைக் பாலத்துல நின்னது போன மாசம், ஆகஸ்ட்ல. ஜெபம் போன வெள்ளிக்கிழமை. குளவி அதுக்கெல்லாம் முந்தியே இந்தக் கம்ப்யூட்டர் வாயை அடைச்சிடுச்சு. இந்தப் பெட்டியில சத்தம் வர்றதுக்கு இதை விட்டா வேற வழி கிடையாது. உள்ளே இருக்கிறது கீச்னு ஒரு பீப் மட்டும் போடும். அது ஜெபம் சொல்லாது.”

“கறுப்பு ஒயர்?” என்றார் அழகிரி, தெரிந்துகொண்டே.

“யாரோ சொல்லியிருப்பாங்க சார், நீல ஒயர்ல சத்தம் வராதுன்னு. அப்புறமா வாங்கிட்டு வந்து ஒரு பக்கத்தை டி.வி.யில செருகியாச்சு. இந்தப் பக்கம் செருகணும்னா கூட்டை உடைக்கணும். அக்கா உடைக்க விடலை. அதனால நுனியைச் சுவரோரமா ஒளிச்சு வச்சுட்டார். கணக்கு வாத்தியார், விடையை முதல்ல எழுதிட்டு வழியை அப்புறம் போட்டிருக்கார்.”

பிரான்சி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நீண்ட நாள் கழித்துத் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது போல நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லை” என்றாள். “எனக்கு ஒண்ணும் இல்லைதானேங்க?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க கேட்டது ஒரு மனுஷனோட குரல்” என்றார் அழகிரி.

அவர் திரைச்சீலை போட்ட கதவை நோக்கி நடந்தார். ரெஜிஸ் குறுக்கே வந்து நின்றார். வெள்ளிக்கிழமை படிக்கட்டில் அவர் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

“அது என் வீட்டு சாமான் ரூம். நீங்க யாருங்க?”

“அவரை அடைச்சு வச்சிருக்கீங்க” என்றாள் பிரான்சி. “சொந்தத் தம்பியை. அத்தான், நீங்களா. என்ன பண்ணினார் அவர் உங்களுக்கு?”

ரெஜிஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இத்தனை நேரமும் எதிர்பார்க்காத ஒன்று, ஏதோ பரிதாபம் போல ஒன்று, அதில் இருந்தது. அழகிரிக்கு அது பிடிக்கவில்லை. எரிந்த கிடங்குகளில் சில சமயம் உரிமையாளர் இப்படிப் பார்ப்பதுண்டு. சாம்பலுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அழகிரி கையை நீட்டித் திரைச்சீலையை விலக்கினார்.

சாதாரண மரக் கதவு. அவர் அதை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு ஆபிதாவைப் பார்த்தார். அவளும் பார்த்துவிட்டிருந்தாள். சொல்ல அவள் வாயில் கிண்டல் எதுவும் இல்லை.

“பிரான்சி அம்மா” என்றார் அழகிரி. “கொஞ்சம் இங்க வாங்க. இந்தக் கதவுல வெளிப்பக்கம் பூட்டு இருக்கா?”

அவள் பார்த்தாள். பூட்டு இல்லை.

“தாழ்ப்பாள்?”

கதவின் வெளிப்பக்கம் வெறும் மரம். ஒரு கொக்கிகூட இல்லை. அவள் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்ளே இரும்பு இரும்பில் உரசியது.

தாழ்ப்பாள் உள்பக்கம் போடப்பட்டிருந்தது.

அது அவளுக்குள் போய்ச் சேர நேரமானது. உள்ளே இருக்கும் ஆளை யாரும் அடைக்கவில்லை. அவனே மூடிக்கொண்டிருக்கிறான். கீழே தன் பெயருக்காக ஜெபம் நடந்தபோது, பழக்கத்தில் தன்னை மறந்து பதில் சொல்லிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் இந்த மரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் படிக்கட்டில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

டி.வி.யில் வெள்ளைச் சட்டை டோனி இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தான். பெலிண்டா போய் ரிமோட்டை எடுத்து அதை அணைத்தாள்.

“வெளிய வாங்க” என்றாள் பிரான்சி கதவிடம். சத்தமாகச் சொல்லவில்லை. சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறவளைப் போலச் சொன்னாள்.

தாழ்ப்பாள் விலகியது.

டோனி அண்ணனின் கைலியைக் கட்டியிருந்தான். முகம் முழுக்கத் தாடி. வெளிச்சம் கூசியதால் கண்ணைச் சுருக்கினான். முதலில் அழகிரியை, பிறகு ஆபிதாவை, கடைசியாக மனைவியைப் பார்த்தான். அவள் கறுப்புச் சேலையில் அவன் கண் நின்றது.

“சங்கிலி தேஞ்சு போச்சுன்னு பிச்சமுத்து சொன்னான்” என்றான். யாரும் கேட்காமலே. “காலையிலேயே சொன்னான். லோடு போகணும், தூக்குடான்னது நான்தான். அவன் பொண்ணுக்கு ரெண்டு வயசு. என்னால அங்க போய் நிக்க முடியலை பிரான்சி. பாலத்துல வண்டியை நிறுத்தினப்ப குதிக்கத்தான் நினைச்சேன். முடியலை. அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.”

“வெள்ளிக்கிழமை நான் கத்தினது கேட்டுச்சா?”

அவன் கைலி நுனியை விரலில் சுருட்டினான்.

“அப்புறம் கீழ ஹால்ல உட்கார்ந்து, எனக்குப் புத்தி சரியில்லைன்னு பேசினாங்களே. எங்க அம்மா அழுதாங்களே. அது?”

“கேட்டுச்சு.”

ஆபிதா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அழகிரி அசையாமல் நின்றார். இந்த வீட்டில் இனி அவர் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. வேலை முடிந்துவிட்டது. முடிந்த வேலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

டோனி ஒரு அடி எடுத்து வைத்தான். கை அவள் தோளுக்குப் போகப் பார்த்துப் பாதியில் நின்றது.

“அடுத்த வாரம் ஒரு லாரி வருது. வடக்கே போயிடுவேன். ஒரு வேலை கிடைச்சு, ஒரு இடம் கிடைச்சதும் உன்னைக் கூப்பிட்டுக்கிறேன். அதுவரைக்கும் நீ குரல் கேட்டேன்னு சொன்னதை யாரும் நம்பக் கூடாது. உன் புத்தி நல்லாத்தான் இருக்குன்னு தெரிஞ்சா என்னைத் தேட ஆரம்பிச்சிடுவாங்க.”

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஒரே ஒரு மாசம்தான் பிரான்சி. நாளைக்குக் காலையில அண்ணன் கூப்பிடறப்ப, ஒண்ணும் பேசாம அவங்களோட அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிடுறியா?”